சாக்பீஸ் வட்டங்கள்

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே, "இன்னிக்கு உப்பு ஒரு கல்லு கூட" என்று அந்த அக்கா சொல்லிவிடுவார். சுற்றி உட்கார்ந்திருக்கும் நாங்கள் நாலைந்து பேரும் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களில் ஒருத்திக்கும் தெரிந்திருக்காது. பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவந்தபோதுகூட, "கறி செத்த வேகல, பாத்து மெல்லுங்க" என்றுதான் நீட்டினார். கொடுக்கிற பொருளின் குறையை அந்தப் பொருளுக்கு முன்னால் அனுப்பிவைப்பது அவருடைய சுபாவம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிற குடும்பங்கள் இன்று அதிகம் இல்லை. பெயரைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும். என் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் வேறு. அது வெட்கம்.

ஊருக்கு வெளியே, மதுரை ரோட்டில் இருந்த ஒரு கல்லூரியில் இருவரும் எம்.பி.ஏ. படித்தோம். இன்டர்நேஷனல் பிசினஸ் பிரிவு. வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேருக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. அவருக்கு முப்பத்து நாலு. பேகம்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். முதல் பெஞ்சில் உட்காருவார். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் தமிழில் படித்தவர், அதனால் ஆங்கிலப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் முடித்த பக்கத்தை மறுபடி புரட்டவேண்டிய தேவை இருக்காது. நான் கான்வென்டில் படித்தவள். நாகல் நகரில் எங்கள் தெருவிலேயே ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற ஒரே பெண் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்போடுதான் அவரைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

முதல் செமஸ்டரில் ஏற்றுமதி ஆவணங்கள் பற்றி ஒரு அசைன்மென்ட். லெட்டர் ஆஃப் கிரெடிட் என்றால் என்ன, சரக்கு கப்பலில் ஏறியபின் பொறுப்பு யாருடையது என்பது போன்ற கேள்விகள். இருபத்திரண்டு பேரும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் விற்ற ஒரே கைடைப் பார்த்துத்தான் எழுதினோம். அவர் மட்டும் தான் எழுதியதில் இரண்டு பத்திகளைப் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் "இவை கைடைப் பார்த்து எழுதியவை" என்று குறித்துக் கொடுத்தார். பேராசிரியர் அந்த இரண்டு பத்திகளுக்கும் மதிப்பெண் போடவில்லை. வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவருக்குத்தான். உண்மை சொன்னதற்கு மார்க் போட சிலபஸில் இடமில்லை என்று பேராசிரியரே கொஞ்சம் சங்கடப்பட்டுச் சொன்னார். அடுத்த அசைன்மென்டிலும் வட்டம் போட்டுத்தான் கொடுத்தார். இந்த முறை ஒரே ஒரு பத்திக்கு.

இன்னொரு நாள் வகுப்பில் பேரம் பேசும் பயிற்சி. ஒருவர் விற்பவர், ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்க வந்தவர். அவர் சின்னாளப்பட்டிச் சேலை விற்கவேண்டும், நான் ஜெர்மனிக்காரி. சேலையை மேஜைமேல் விரித்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. முதல் தண்ணீரில் சாயம் கொஞ்சம் போகும், உப்புத் தண்ணீரில் நனைத்துப் போட்டால் நின்றுவிடும், முந்தியில் இந்த இடத்தில் ஒரு இழை விட்டிருக்கிறது என்று தொட்டுக் காட்டினார். வகுப்பு சிரித்தது. நீங்க விற்க வந்தீங்களா, வாங்க வந்தவங்கள விரட்ட வந்தீங்களா என்று பேராசிரியர் கேட்டார். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "அவங்க ஊர்ல போயி பிரிச்சுப் பாத்துக் கண்டுபிடிக்கப் போறத நானே இங்க சொல்லிட்டா, அடுத்த தடவையும் எங்கிட்டதான சார் வருவாங்க?" என்றார். பேராசிரியர் அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டார். அன்றைக்கு அதிகம் சிரித்தவள் நான்தான்.

வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனியிலிருந்து வந்தபோது, போகப்போவதில்லை என்று தெரிந்தும் எங்களோடு அவரும் நேர்காணலுக்கு உட்கார்ந்தார். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார்களாம். எல்லோரும் "அதிகமாக உழைப்பேன்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வி அது. இவர் கால் மணி நேரம் பேசியிருக்கிறார். ஆங்கிலம் வராது, கணக்கில் ரெண்டாம் தடவை பார்த்தால்தான் பிடிபடும், கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன், மாமியாருக்கு உடம்பு சரியில்லையென்றால் லீவு போடுவேன். பலம் என்ன என்று கேட்டதற்கு ஒரே வார்த்தைதான். "கண்ணு." இதை அவரே வந்து எங்களிடம் சொன்னார். நாங்கள் ஒரு வாரம் அதை வைத்துக் கேலி செய்தோம்.

அந்தக் கண் என்ன என்பதை நான் பார்த்தது கடைசி செமஸ்டரில்தான்.

இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, வெளிநாட்டில் வாங்குபவர் ஒருவரைக் கண்டுபிடித்து, நிஜமாகவே ஒரு ஏற்றுமதி விசாரணையைக் கொண்டுவரவேண்டும். அதுதான் பிராஜெக்ட். பெரும்பாலோர் கற்பனையாக எழுதி பைண்டு பண்ணிக் கொடுத்துவிடுவார்கள். அவர் என்னிடம் வந்து, "ஒனக்கு இங்கிலீஸ் இருக்கு, எங்கிட்ட சரக்கு இருக்கு, சேந்து செய்வமா புள்ள?" என்று கேட்டார். சரக்கு என்றால் ஆட்டுத்தோல். பதனிட்டு மெல்லிசாக்கி, ஷூவுக்கு உள்ளே லைனிங்காக வைத்துத் தைக்கிற தோல். தொழில் அவருடைய வீட்டுக்காரரின் அண்ணனுடையது. அவரைப் பெரிய மச்சான் என்பார். வீட்டுக்காரர் அண்ணனுக்குக் கீழே கடிதப் போக்குவரத்து பார்த்துக்கொண்டிருந்த, சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

பெரிய மச்சான் கெட்டவர் இல்லை. கல்யாணமான பெண்ணுக்கு இந்த வயசில் என்ன படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, கல்லூரிக்கு அனுப்பிவைத்தவரே அவர்தான். ஆனால் பிடிவாதக்காரர். அதுவரை சென்னை ஏஜென்ட் மூலமாகத்தான் அவர்கள் சரக்கு வெளியே போகும். நேரடியாக அனுப்பலாம் என்று அக்கா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிராஜெக்டுக்காக நாங்கள் இருவரும் குடோனுக்குப் போய்க் கேட்ட அன்றைக்கு, என் முன்னால் வைத்தே பெரிய மச்சான் சொன்னார்:

"ஒரு லாட்டுத் தோலு ஒனக்கு. தரம் பிரிக்கிறதுல இருந்து கப்பல் ஏத்துற வரைக்கும் நீயே பாரு. நல்லா வந்துச்சுன்னா வெளிநாட்டு யாவாரம் பூரா ஒன் பொறுப்பு. வரலேன்னா இந்தப் பேச்ச அத்தோட விட்டுறணும்."

"சரி மச்சான்" என்றார் இவர். திரும்பி என்னைப் பார்த்தபோது முகம் சிவந்திருந்தது.

குடோனில் ஜன்னலோரம் நீளமாக ஒரு மேஜை. ஒவ்வொரு தோலாக விரித்து, வெளிச்சம் படும்படி சாய்த்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். அவ்வளவுதான், தெரிந்துவிடும். இடது கையில் சாக்பீஸ். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட காயம், எல்லாவற்றையும் சுற்றி வட்டம். எனக்கு வட்டம் போட்ட பிறகுகூட அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. "இந்த ஆடு கருவேலங்காட்டுல மேஞ்சிருக்கு, பாரு" என்பார். அவருடைய அப்பா, அவர் வார்த்தையில் அத்தா, தோல் மண்டியில் தரம் பிரிப்பவராக இருந்தவர். எதற்கு இப்படி நம் பொருளை நாமே கறை பண்ணவேண்டும் என்று கேட்டேன். வட்டம் போட்டிருந்தால் ஷூ கம்பெனியில் வெட்டுகிறவன் தேடவேண்டியதில்லை, அதைச் சுற்றி வெட்டிக்கொள்வான், அவனுக்கு வேலை மிச்சம், நமக்குப் பேச்சு மிச்சம் என்றார். பென்சில் வட்டம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு மாதம் மெயில் மேல் மெயிலாக அனுப்பிய பிறகு போர்ச்சுக்கல்லில் ஒரு சிறிய ஷூ கம்பெனி பதில் போட்டது. தோலின் மெல்லிசு பார்க்கக் கையகலத் துண்டு ஒன்று அனுப்புங்கள், மற்றபடி லாட்டிலிருந்து பத்துத் தோல்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், முடிவு சொல்கிறோம் என்றார்கள். அவர் பத்துத் தோல்களைப் பொறுக்கினார். நல்லதாகப் பொறுக்கவில்லை; லாட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒன்றிரண்டு நல்லது, மற்றதெல்லாம் வட்டத்தோடு. நான் என் போனில் படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டங்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மத்தியான லுஹர் தொழுகைக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பினார். வீடு பக்கத்துத் தெருதான்.

நான் துப்பட்டா நுனியைக் குடத்துத் தண்ணீரில் நனைத்தேன். பத்துத் தோல்களிலும் சாக்பீஸைத் துடைத்தேன். கத்திக்காயம் பெரிதாகத் தெரிந்த ஓரங்களை அடியில் மடக்கிவிட்டேன். மறுபடி படம் எடுத்தேன். பிறகு, இதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது, சாக்பீஸை எடுத்து, ஈரம் காய்ந்த தடத்தைப் பார்த்துப் பார்த்து அதே இடங்களில் வட்டங்களைத் திரும்பப் போட்டு வைத்தேன். அவர் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் தோல்களை அடுக்கிவைத்தார்.

அடுத்த நாள் கல்லூரி லேபில் பக்கத்தில் உட்கார்ந்து, மெயிலில் எழுதவேண்டியதைத் தமிழில் சொன்னார். எந்தெந்தக் குறை, தோலுக்கு எத்தனை இடத்தில், வட்டத்தைச் சுற்றி எப்படி வெட்டிக்கொள்வது. நான் வேகமாகத் தட்டினேன். தரம் ஒரே சீராக இருக்கும் என்று எழுதினேன், ஒரு குறையையும் எழுதவில்லை. "எல்லாம் எழுதிட்டியாம்மா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். படங்களையும் சேர்த்து அனுப்பினேன். எந்தப் படங்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

அவரைக் கெடுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இந்த வெகுளி அக்காவுக்கு வியாபாரம் தெரியவில்லை, புத்தகம் படித்த நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அவரைக் கெடுக்க நினைத்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருக்காது.

ஆர்டர் வந்தது. வகுப்பில் நிஜமாக ஆர்டர் கொண்டுவந்தது நாங்கள் மட்டும்தான். பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் அதில் மட்டும் வட்டம் போட்ட பழைய படங்களை ஒட்டினேன். வைவாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என் கையைக் குலுக்கினார். அதைக் காட்டித்தான் எனக்குத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை கிடைத்தது. அக்கா முழு லாட்டையும் தன் கையால் பிரித்தார். பதினைந்து நாள், காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை. ஒவ்வொரு தோலிலும் வட்டம். தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பிய அன்று போன் பண்ணி, "போயிருச்சும்மா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் வேறெதுவும் அவரால் பேச முடியவில்லை.

பரீட்சை முடிந்து இரண்டு வாரத்தில் போர்ச்சுக்கல்லிலிருந்து மெயில் வந்தது. என்னுடைய மெயிலுக்குத்தான் வரும். காட்டியது ஒன்று, அனுப்பியது வேறு. இனி உங்களோடு தொடர்பு இல்லை என்று நாலு வரி. சரக்கை அங்கேயே வேறு யாருக்கோ தள்ளிவிட்டார்கள். நான் குடோனுக்குப் போய்ப் படித்துச் சொன்னேன். பெரிய மச்சான் அங்கே நின்றுகொண்டிருந்தார். இவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நம்ம அனுப்புன படத்துல வட்டம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுக்கா."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்."

படத்தைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை. தான் மறைக்காத ஒன்றை இன்னொருத்தி மறைத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு பெரிய மச்சானிடம் திரும்பி, "அப்ப நாந்தான் லாட்ட சரியாப் பிரிக்கல மச்சான். மோசமானது நெறையக் கலந்திருக்கு. எங் கண்ணுக்குத் தெரியாமப் போயிருக்கு" என்றார். இதையும் அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். பெரிய மச்சான் ஒன்றும் திட்டவில்லை. சரி, வீட்டப் பாரு என்று மட்டும் சொன்னார்.

அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திருப்பூர் வேலைக்குச் சேர ஒன்பது நாள் இருந்தது. வெயில் ஏறிவிட்டது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாகல் நகருக்கு ஆட்டோ ஏறினேன்.

எட்டு வருஷம். திருப்பூரில் நன்றாகத்தான் இருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாங்குபவரிடம் நேர்மையாக நடப்பது எப்படி என்று வகுப்புகூட எடுத்திருக்கிறேன். பதவி உயர்வு, கல்யாணம் எல்லாம் முறையாக நடந்தன. அக்காவுக்கு ஆரம்பத்தில் இரண்டு தடவை போன் செய்தேன். நல்லா இருக்கேம்மா என்றார். பிறகு நம்பரைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

போன மாதம் அம்மாவைப் பார்க்க வந்திருந்தபோது, நாகல் நகரில் ஒரு மருந்துக் கடை வாசலில் அவருடைய வீட்டுக்காரரைப் பார்த்தேன். தாடி முழுக்க நரைத்திருந்தது. அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னவர், கையிலிருந்த கண் சொட்டு மருந்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். குடோன் பக்கம் அக்கா போவதே இல்லையாம். கண்ணாடி மூன்று தடவை மாற்றியாயிற்று. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று மதுரையில் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார், அவர் நம்பவில்லை. காய் வாங்கினால்கூடச் சொத்தை இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் காட்டிக் கேட்கிறார். அரிசியில் கல் பார்த்தால் வீட்டுக்காரர் ஒரு தடவை திரும்பப் பார்க்கவேண்டும்.

"அந்த லாட்டுல இருந்து அப்புடித்தாம்மா" என்றார். என்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. வீட்டுக்கு வாங்க, சந்தோஷப்படுவா என்றார்.

அன்று முழுக்கச் சாப்பிட முடியவில்லை. ஒரு வியாபாரத்தைத்தான் கெடுத்தேன் என்று எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நேர்காணலில் அவர் ஒரே வார்த்தையில் சொன்ன பலம் எதுவோ அதையே பிடுங்கியிருக்கிறேன் என்பது அந்த மருந்துக் கடை வாசலில்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் போனேன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கண்ணாடி போட்ட முகம் எனக்குப் பழக்கமில்லை. வீடு ஒழுங்காக இல்லை, மின்விசிறி சத்தம் போடும், டீயில் சர்க்கரை கம்மி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே டீ கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். தொழுகைக்குப் போனது, துப்பட்டா, மடக்கிய ஓரங்கள், திரும்பப் போட்ட வட்டங்கள், எழுதாத வரிகள், குடோனில் சொன்ன பொய். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். பழைய மெயிலைத் திறந்து அந்தப் பத்துப் படங்களையும் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, நெடுநேரம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவேண்டும் என்றும் இருந்தது.

"அப்ப நான் பிரிச்சது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுக்கா."

"எங் கண்ணு தப்பு இல்லையா?"

"இல்லக்கா. தப்பு பூரா என்னோடது."

என் தப்பு அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உள்ளே பார்த்து, "ஏங்க, செத்த வாங்களேன். இந்தப் புள்ள சொல்றதக் கேளுங்க" என்று கூப்பிட்டார். வீட்டுக்காரர் வந்து நின்றார். இன்னொரு தடவை சொல்லும்மா என்றார் அக்கா என்னிடம். சொன்னேன். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி முகம். டாக்டரு சொன்னாருல்ல, நாந்தான் நம்பல என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு சிரிப்பு நின்றது.

"பெரிய மச்சான் மவுத்தாகி ரெண்டு வருசம் ஆச்சும்மா" என்றார். "கடைசி மட்டும் எங் கண்ண நம்பி ஒரு லாட்டக் குடுத்தது தப்புன்னே நெனச்சிட்டுப் போயிட்டாரு. அவரு இருக்கும்போது நீ வந்திருக்கக் கூடாதா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"வந்தேங்க்கா" என்றேன். "மூணு வருசத்துக்கு முந்தி, கல்யாணப் பத்திரிகையில உங்க பேர எழுதி எடுத்துக்கிட்டு, இந்தத் தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."